கல்விக் கடனைக் கட்டாமல் விட்டால் அரசுக்குத்தானே நஷ்டம்? தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். அரசுக்கு நஷ்டம் போய்ச் சேருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அது உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

கேள்வியில் நீங்கள் எதையும் விவரமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், வேலை கிடைத்திருந்தாலும் சம்பளம் கைக்கும் வாய்க்குமே பத்தாது, வங்கியிலிருந்து போன் உங்களுக்கு வராமல் அப்பாவுக்குப் போயிருக்கும், சொந்தக்காரர் யாராவது "எலெக்ஷன் வரட்டும், எல்லாம் தள்ளுபடி பண்ணிருவாங்க" என்று தைரியம் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படி ஒரு பெரியப்பா இருந்தார்.

முதலில் அது யார் பணம் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மாணவர் கடனைப் பெரும்பாலும் அரசே கொடுக்கிறது, அதனால் வராமல் போனால் நேராக அரசின் கணக்கில்தான் இடிக்கும். 2022-ல் பைடன் அறிவித்த தள்ளுபடிக்குச் சுமார் 400 பில்லியன் டாலர் ஆகும் என்று அவர்கள் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கிலாந்தில் 2012-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு, வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள், 30 வருடம் கழித்தும் மிச்சம் இருந்தால் விட்டுவிடுவார்கள் (2023-லிருந்து சேருபவர்களுக்கு அது 40 வருடம்). அங்கே இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் அர்த்தம் இருக்கிறது.

நம் ஊரில் கடன் கொடுப்பது வங்கி. அரசு பக்கத்தில் நின்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று வட்டி மானியம்: 2009-10 கல்வியாண்டிலிருந்து, பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு வங்கிக்குக் கொடுக்கும். இன்னொன்று 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதி: அடமானம் இல்லாமல் கொடுத்த 7.5 லட்சம் வரையிலான கடன் வாராக்கடன் ஆனால், அதில் 75 சதவீதம் வரை வங்கிக்குக் கிடைக்கும். வங்கிக்குக் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடன் அதனால் தீராது, வசூல் நடந்துகொண்டேதான் இருக்கும்.

தள்ளுபடி என்று நம் ஆட்கள் இன்னும் பேசுவது 2014 இடைக்கால பட்ஜெட்டில் சிதம்பரம் அறிவித்ததைத்தான். அதிலும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. 31.3.2009 வரை கொடுத்த கடன்களில், 2013 கடைசி வரை நின்றிருந்த வட்டியை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு 2,600 கோடி ரூபாய். மாநிலத் தேர்தல் அறிக்கைகளில் வருகிற வாக்குறுதி வேறு கதை. மாநில அரசு தன் கையிலிருந்து வங்கிக்குப் பணம் கட்டினால் ஒழிய, வங்கியின் கடனை அதனால் தள்ளுபடி செய்ய முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2010-ல் கவுன்சிலிங்கில்தான் சேர்ந்தேன், மேனேஜ்மென்ட் கோட்டா இல்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்கா ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்திருந்ததால் முதல் பட்டதாரி சலுகை எனக்குக் கிடையாது. அப்பா திருப்பூரில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) வைத்து பனியன் ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர். வருடத்துக்கு 80,000 வீதம் நாலு வருடத்தில் 3,20,000 கடன், 12 சதவீத வட்டி. 4 லட்சத்துக்குள் என்பதால் ஜாமீன் கிடையாது, ஆனால் பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போட்டார். வட்டி மானியத்துக்குத் தேவையான வருமானச் சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கி முதல் வருடமே கொடுத்தோம்.

தவணை ஆரம்பிக்கும்போது கிளையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அசல் என்ற இடத்தில் 4,54,400 என்று இருந்தது. 3,20,000 எப்படி இப்படி ஆச்சு என்று கேட்டால், படித்த காலத்துக்கும் அதன் பிறகு ஒரு வருடத்துக்குமான வட்டி 1,34,400 சேர்ந்திருக்கிறது என்றார்கள். அந்த வட்டியை அரசு கொடுக்க வேண்டும் அல்லவா? கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவின் வருமானச் சான்றிதழ், பச்சை முத்திரையோடு, என் மதிப்பெண் பட்டியலுக்கு அடியில் பத்திரமாகவே இருந்தது. மானியத்துக்கான போர்ட்டலில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். அந்த வருடங்களுக்கான மானியக் கணக்கை மூடிவிட்டார்கள் என்றார் அங்கே இருந்தவர், ஏதோ சினிமா டிக்கெட் தீர்ந்துவிட்டது என்பதுபோல.

இதனால் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். 7 வருடத் தவணைக்கு, மானியம் வந்திருந்தால் மாதம் ஏறக்குறைய 5,650. வராததால் 8,000. என் முதல் சம்பளம் 12,000, அதில் கோயம்புத்தூரில் ரூம் வாடகையும் சாப்பாடும். கணக்கு எங்கே உதைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தவணை தள்ளிப்போனது, 90 நாள் தாண்டியது, கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. அரசு ஒதுக்கிய பணம் அரசிடமே இருக்க, வங்கியின் புள்ளிவிவரத்தில் நான் கடன் கட்டாத மாணவன். "கல்விக் கடன் வாங்குறவன் எவனும் திருப்பிக் கட்டுறதில்லை, நம்ம வரிப்பணம்" என்று எழுதுகிறவர்கள் எண்ணுகிற எண்ணிக்கையில் என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே கட்டாதவனையும் எனக்குத் தெரியும், கார் வாங்கினான்.

அடி யாருக்கு விழுந்தது தெரியுமா? அப்பாவுக்கு. ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்க வேறொரு வங்கியில் கடன் கேட்டார். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் என் கடன் அவர் பெயரிலும் நிற்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் ஒருத்தரிடமும் பாக்கி வைக்காத மனுஷன். கடைசியில் வட்டிக்கு வாங்கித்தான் அந்த மெஷின் வந்தது.

நான் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தேன், வருமானச் சான்றிதழ் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு இருந்ததால் பேச முடிந்தது. மானியத்தில் ஒரு பகுதி வந்தது, மீதி வரவே இல்லை. தவணைக் காலத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒழுங்காகக் கட்டினேன்.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்று பின்னூட்டத்தில் யாராவது வந்து சொல்வார்கள். உண்டு, 8 வருடத்துக்கு, உச்சவரம்பும் இல்லை, ஆனால் பழைய வரிமுறையில் மட்டும். 12,000 சம்பளக்காரனுக்கு வரியே கிடையாதே, அவன் எதில் கழிப்பான்? நல்ல சம்பளம் வாங்குபவனுக்கு அரசு தானாகவே விட்டுக்கொடுக்கிறது, பவர் டேபிள்காரன் மகனுக்கு மட்டும் போர்ட்டல், கடைசித் தேதி, முத்திரை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் 8 லட்சம் குடும்ப வருமானம் வரையிலும் 3 சதவீத வட்டிச் சலுகை, 2030-31 வரை 3,600 கோடி ஒதுக்கீடு என்றார்கள். நல்லதுதான். ஆனால் அது தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும், அந்தப் பட்டியலில் என் கல்லூரி மாதிரியானவை எத்தனை இருக்கும் என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடன் கொடுக்கும்போது வங்கி மேனேஜர், அப்பா பெயரில் வருடத்துக்கு 10,000 பிரீமியத்தில் ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தால் "ஃபைல் சீக்கிரம் நகரும்" என்றார். கல்விக் கடனுக்கும் அதற்கும் என்ன உறவு? ரெண்டு பிரீமியத்துக்கு மேல் எங்களால் கட்ட முடியவில்லை, கட்டியது போனது போனதுதான். தவணைக்கு வருகிற ஒவ்வொரு போனிலும் எனக்கு அந்த 20,000 தான் ஞாபகத்துக்கு வரும். நான் பாக்கி வைத்தால் வீட்டுக்கு ஆள் வரும், அந்த மேனேஜரைக் கேட்க யார் போனார்கள்?

உங்களுக்கு: நாளைக்கே கிளைக்குப் போய்க் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் கேளுங்கள், வருட வாரியாக வட்டி மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை இல்லையென்றால், கணக்கு 90 நாளைத் தாண்டுவதற்கு முன்பே தவணையை மாற்றியமைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பாதிக்குப் பாதி கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று ஒன் டைம் செட்டில்மென்டுக்குக் கூப்பிட்டால் யோசித்துப் போங்கள், சிபிலில் "செட்டில்டு" என்று விழும், அது முழுதாகக் கட்டியதற்குச் சமம் இல்லை, கூட்டுக் கடனாளியாக இருக்கிற அப்பா பெயரிலும் அதுவே விழும்.