தானே உணரும் கான்கிரீட் சாலை இருந்திருந்தால், சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங்கில் சாலை திடீரென உள்வாங்கி உண்டான புதைகுழி முன்கூட்டியே தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 2025 ஜூலை 26 அன்று அங்கே அந்தக் குழிக்குள் ஒரு கார் விழுந்தபோது, பக்கத்து வேலையிடத்தில் கழிவுநீர்க் குழாய்களை இணைக்க 16 மீட்டர் ஆழக் குழி தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கோளாறு மண்ணுக்குள். இந்தக் கான்கிரீட்டோ தன் உடம்பில் ஏறும் அழுத்தத்தையும் விழும் விரிசலையும்தான் காட்டும். கயிறு வீசி ஓட்டுநரை மேலே இழுத்த அந்த வேலையிடத்தின் 7 ஊழியர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. அந்த விபத்தைக் காட்டி இந்தப் பொருளை விற்க யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

ஆனால் சாலைப் பராமரிப்பில் வேலை செய்பவன் என்ற முறையில், இது நமக்கு வேண்டும் என்றே சொல்வேன். காரணம் எடை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த பெரிய சாலைச் சோதனையில் ஒன்று தெரிந்தது: ஓர் அச்சின் மேல் உள்ள பாரம் இரண்டு மடங்கானால், சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். சந்திப்புகளில் தாருக்குள் பதித்திருக்கும் கம்பிச் சுருள், வண்டி வந்ததைச் சொல்லுமே தவிர எத்தனை டன் என்று சொல்லாது.

1993இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சென்னும் டெபோரா சுங்கும் கான்கிரீட்டில் குட்டையான கரியிழைகளை (கார்பன் இழைகளை) கலந்து, அழுத்தும்போதும் விரிசல் விடும்போதும் மின்தடை மாறுவதைக் காட்டினார்கள். இழைகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதில்லை, இடைவெளி மிகச் சிறியதாக இருந்தாலே மின்சாரம் தாவிவிடும். பாரம் ஏறினால் இடைவெளி சுருங்கித் தடை குறையும். பாரம் போனதும் பழைய அளவுக்குத் திரும்பும். விரிசல் விழுந்துவிட்டால் திரும்பாது. பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரிக்குழாய்களான கார்பன் நேனோகுழாய் கலந்த கட்டிகளை உண்மையான சாலையிலேயே பதித்து, மேலே போகும் வண்டிகளைக் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊரில் சிக்கல் மழை. ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர், ஏறக்குறைய 170 நாள். கான்கிரீட்டின் நுண்துளைகளில் நீர் புகுந்தால் அந்த நீரும் மின்சாரம் கடத்தும். வெயில் ஏறினாலும் தடை மாறும். நேர்மின்னோட்டம் கொடுத்தால் அளவு தானாகவே நகர்ந்துகொண்டே போகும், அதனால் மாறுமின்னோட்டம் வேண்டும். மின்முனை தொடும் இடத்தின் தடை அளவில் கலக்காமல் இருக்க நான்கு மின்முனைகளும் வேண்டும். ஒரு நல்ல விஷயம், ஈரமும் வெப்பமும் மெதுவாக மாறும், சக்கரம் கடப்பதோ கண்சிமிட்டும் நேரம். ஆகவே வண்டிகளை எண்ணுவது எளிது. டன் கணக்கில் துல்லியமாக எடை சொல்வதுதான் கடினம்.

இழை கட்டிதட்டினால் அந்த இடம் ஊமையாகிவிடும் என்பதால், கலவை லாரியை நம்பாமல் தொழிற்சாலையில் வார்த்த கட்டிகளைக் கொண்டுவந்து பதிப்பதே சரி. முழுச் சாலைக்கும் தேவையில்லை. பேருந்து நிறுத்தங்களில் தார் முடிந்து கான்கிரீட் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நின்று கிளம்பும் பேருந்துகள் வெயிலில் இளகிய தாரைத் தள்ளிக் குழிவாக்கிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. மாடிப் பேருந்துகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் மிதிக்கும் அந்தத் தளத்தில் இரண்டு கட்டிகளைப் பதித்து, பக்கத்திலேயே சாதாரண வெப்பமானியும் ஈரப்பத உணரியும் வைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அளந்து பார்க்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஒரே பேருந்துக்கு ஒரே அளவு வருகிறதா என்பதுதான் நான் முதலில் பார்க்க விரும்பும் கணக்கு.