ஆய்வு மேசை: ஒரு சுவார்ட்ஸுக்கு மூன்று அட்டை

கேள்வி: தரங்கம்பாடி, தஞ்சாவூர் மிஷனரிகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எக்செல்லில் ஏறக்குறைய 200 பெயர்கள் சேர்ந்துவிட்டன. ‘இணைக்கப்பட்ட திறந்த தரவைப் பயன்படுத்து’ என்கிறார் நெறியாளர். வரலாறு படித்தவளுக்கு அது எதற்கு ஐயா?
– ஆய்வு மாணவி, சிதம்பரம்

பதில்: உங்கள் வயதில் என்னிடம் எக்செல் கிடையாது, ஆளுக்கோர் அட்டையில் குறிப்பெழுதி அடுக்கிய பெட்டிதான். மிஷனரி சுவார்ட்ஸின் பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவார்கள். ‘எஸ்-சி-எச்’ என்று தொடங்கும் சுவார்ட்ஸுக்கு ஓர் அட்டை, வெறும் ‘எஸ்-டபிள்யூ’ சுவார்ட்ஸுக்கு இன்னொன்று, தமிழ் நூல்களில் வரும் ‘சுவார்ட்ஸ் ஐயர்’ பெயரில் மூன்றாவது. மூவரும் ஒரே காலத்தில் தஞ்சாவூரில் நடமாடினார்களே என்ற சந்தேகம்கூட எனக்கு வரவில்லை! 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, சரபோஜிக்கு ஆசானாகி, 1798இல் தஞ்சாவூரில் இறந்தவர் ஒரே ஆள்தான்.

உங்கள் நெறியாளர் சொல்லும் இணைக்கப்பட்ட திறந்த தரவு, அதாவது எவரும் எடுத்தாளும்படி எண்களால் ஒன்றோடொன்று கோத்து வைத்த தரவு, இந்த அசட்டுத்தனத்துக்கு மருந்து. ஆளுக்கும் ஊருக்கும் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், பெயரை எப்படி எழுதினால் என்ன? விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பாக 2012இல் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய தரவுத்தளமான விக்கித்தரவில் சென்னையின் எண் கியூ1352. மதராஸ் என்று தேடினாலும் அங்கேதான் போய் நிற்பீர்கள். சுவார்ட்ஸின் பக்கத்திலிருந்து ஜெர்மன் தேசிய நூலகத்தில் அவருக்குள்ள எண்ணுக்குத் தாவலாம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரிலுள்ள நூல்களைத் தேடலாம்.

ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் உங்கள் பட்டியலை ஏற்றி, பெயர்கள் உள்ள நெடுவரிசையை விக்கித்தரவோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். அது காட்டுவதையெல்லாம் ஒரே சொடுக்கில் ஏற்காதீர்கள். 200 பெயர்தானே, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. சுவார்ட்ஸ் பிறந்த சோனன்பர்க் அன்று ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் இருந்தது. இன்று ஸ்லோன்ஸ்க் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. ‘ஜெர்மனியில் பிறந்த மிஷனரிகள் எத்தனை பேர்’ என்று பிறந்த ஊரின் இன்றைய நாட்டை வைத்து எண்ணினால், தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு கணக்கில் வருவார். அவர் பிறந்த புல்ஸ்நிட்ஸ் இன்றும் ஜெர்மனியில்தான். சுவார்ட்ஸ் நழுவிவிடுவார். கணினி தப்பாகச் சொல்லாது. நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கும்.

இன்னொன்று. மிஷனரிகளுக்குச் சுலபமாக எண் கிடைக்கும். அவர்களோடு ஊர் ஊராக நடந்த உபதேசியார்களுக்கு? 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனைப் போல் பெயர் நிலைத்தவர்கள் சிலர்தான். எண் இல்லாதவர்களின் வரிசைகளை நீக்கிவிடாதீர்கள். ஆதாரம் கையில் இருந்தால் விக்கித்தரவில் அவர்களுக்கு நீங்களே பக்கம் தொடங்கலாம். என்னைக் கேட்டால், உங்கள் ஆய்வேட்டைவிட அதுதான் அதிகம் பயன்படும். நெறியாளரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: விக்கித்தரவை அடிக்குறிப்பில் காட்டலாமா? அனுமதி வாங்க வேண்டுமா?
– கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: அனுமதி வேண்டாம், எவரும் எடுத்தாளலாம் என்றே அதன் தரவு வெளியிடப்படுகிறது. ஆனால், பிறந்த தேதிக்கு அதையே சான்றாகக் காட்டாதீர்கள். தேதிக்குக் கீழே மேற்கோள் இருந்தால் மூல நூலைத் தேடிப் படித்து, அதைக் குறிப்பிடுங்கள். மேற்கோளே இல்லையென்றால் அந்தத் தேதியை நம்ப வேண்டாம். பட்டியலாக எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால், எடுத்த நாளைக் கட்டாயம் எழுதுங்கள். நேற்று இருந்தது இன்று திருத்தப்பட்டிருக்கும்.