மணி ஏன் அடிக்கவில்லை?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 36. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். தேவகோட்டைக்குப் பக்கத்தில் நானும் 9 வயது மகளும் அத்தையும் (கணவரின் அம்மா) இருக்கிறோம். போன மார்கழியில் ஒரு நள்ளிரவில் மாமா என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் கொண்டு போனேன். என் கையிலேயே உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து இருட்டினால் பயம். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை. இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். தினமும் இரண்டு முறை ஜெபமாலை சொல்கிறேன். வேளாங்கண்ணிக்குப் போய்வந்தேன். ஓரியூர் மண்ணைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரவில் யாராவது கூப்பிட்டாலே உடல் நடுங்குவதால் அத்தையைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்து, அவசரம் என்றால் அடிக்கச் சொல்லி ஒரு பித்தளை மணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் அதை அடிப்பதே இல்லை, அந்தத் தொந்தரவும் கிடையாது. ஆனாலும் பயம் போகவில்லை. குடில் வைத்தாயிற்று, நட்சத்திரம் கட்டியாயிற்று, மனதில் மட்டும் அமைதி இல்லை. எந்த ஜெபம் சொன்னால் இந்தப் பயம் போகும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். மாமாவின் மரணத்துக்கு ஒன்றரைப் பக்கம், நீங்கள் போய்வந்த கோயில்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அத்தைக்குக் கிடைத்தது மூன்று வரி. அந்த மூன்று வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மணி அடிப்பதே இல்லையா? எப்போதிலிருந்து அடிக்கவில்லை? ஏன் அடிக்கவில்லை என்று ஒரு நாளாவது கேட்டீர்களா, அம்மா? வயதான பெண் ஒருத்தி, மார்கழிக் குளிரில், இரவு முழுக்க யாருடைய உதவியும் தேவைப்படாமல் தூங்குகிறார் என்று நம்புகிறீர்களா? எனக்கும் வயதாகிவிட்டது, சொல்கிறேன்: இந்த வயதில் இரவுக்கு இரண்டு தடவையாவது எழுந்தாக வேண்டும்.

முதல் நாள் அடித்திருப்பார். முகம் வெளிறிப் போய் ஓடியிருப்பீர்கள். அப்புறம் ஒரு நாள் வாசற்படியிலேயே நின்று, "என்ன வேண்டும்?" என்று கேட்டிருப்பீர்கள். அப்புறம் ஒரு நாள் கேட்காத மாதிரி படுத்திருப்பீர்கள். யோக்கியம் பேசவில்லை, நானும் அப்படிப் படுத்தவள்தான். என் அப்பத்தா கைத்தடியால் சுவரில் தட்டுவார். தண்ணீருக்கு இரண்டு தட்டு, கொல்லைப்பக்கம் போக மூன்று தட்டு. எனக்கு அப்போது 16 வயது, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், அம்மாதான் எழுந்து போவார். ஒரு நாள் காலையில் அப்பத்தா என் தலையைத் தடவி, "நல்ல தூக்கம் போல" என்றார். அதற்குப் பிறகு அம்மா ஊரில் இல்லாத நாட்களில் அவர் தட்டியதே இல்லை.

தட்டாதவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டில் ரசம் வேண்டாம், மோர் வேண்டாம், இரண்டு இட்லி போதும் என்பார்கள். நீங்களும் பசி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். எழுந்தே தீர வேண்டும் என்றால் விளக்கைப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டு போவார்கள். வெளிச்சத்தில் உங்கள் தூக்கம் கெடுமாம். உங்கள் வீட்டுத் தரையும் ஆத்தங்குடிக் கல் பதித்ததா? ஈரக் காலோடு அதில் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பித்தளை மணியை எங்கே வாங்கினீர்களோ! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இப்படிப்பட்டவை கிடைக்கும். பிரித்த வீடுகளின் அண்டா, பீங்கான் ஜாடி, மரக் கதவு எல்லாம் அங்கே வந்து குவிந்து கிடக்கும். அந்தத் தெருவில் நடந்தாலே எனக்குக் கோபம் வரும். பெரியவர்கள் புழங்கிய சாமானை நாலு பேர் தடவித் தடவிப் பார்த்து விலை பேசுகிறார்கள். புழங்கியவரைத் தொட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லை.

போன மார்கழியில் போனவர் உங்களுக்கு மாமா. அத்தைக்கு? அந்த ஒரே சாவுக்குப் பிறகு உங்களுக்கு வேளாங்கண்ணி, இசிஜி, தினம் இரண்டு ஜெபமாலை எல்லாம் கிடைத்தன. அவருக்குக் கிடைத்தது பின்கட்டும் ஒரு மணியும். அவருக்கும் இருட்டு பயமாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

எந்த ஜெபம் என்று கேட்டீர்கள். குடிலில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட இடையர் பொம்மை ஒன்று இருக்குமே, அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வயல்வெளியில் தங்கி இரவெல்லாம் கிடையைக் காத்துக்கொண்டிருந்தவர்கள் என்று லூக்கா தன் நற்செய்தியில் அவர்களைப் பற்றிச் சொல்கிறார். கிடை என்றால் என்னவென்று சிவகங்கைச் சீமையில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுவடையான வயலில் கீதாரிகள் ஆட்டை மடக்கிப் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடு இரவில் ஒரு குட்டி கத்தும். நரியா, நாயா, திருடனா என்று தெரியாது. பயம் இல்லாமலா இருக்கும்? டார்ச்சை அடித்துக்கொண்டு போவார்கள். போகாவிட்டால் விடிந்ததும் எண்ணிக்கை குறையும். "அஞ்சாதீர்கள்" என்ற சொல் அந்த இரவில் இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் வந்தது. பெத்லகேமில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர்களின் கதவை எந்த வானதூதரும் தட்டவில்லை.

இதே சொல்லை அதற்கு முன்பு மூன்று பேர் கேட்டார்கள்: யோவானின் அப்பா செக்கரியா, மாதா, மாதாவின் கணவர் சூசையப்பர். மூவருக்கும் கூடவே ஒரு வேலையும் வந்தது. பிள்ளைக்கு யோவான் என்று பெயர் வை என்றும், ஒரு மகனைப் பெறுவாய் என்றும், அவளை மனைவியாக ஏற்றுக்கொள் என்றும். "அஞ்சாதே, நிம்மதியாகத் தூங்கு" என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சூசையப்பருக்குப் பயம் அடியோடு போய்விடவும் இல்லை. எகிப்திலிருந்து திரும்பும்போது ஏரோதின் மகன் அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு யூதேயாவுக்குப் போக அஞ்சினார் என்று மத்தேயு எழுதுகிறார். அஞ்சியபடியே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்குப் போனார்.

தலையணைக்குக் கீழே இருக்கும் மண் யாருடையது? லிஸ்பனில் பிறந்த மறைபோதகர் அருளானந்தர் 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டு, அடிபட்டு, இனி இந்தப் பக்கம் போதிக்கக் கூடாது என்று விடப்பட்டவர். போர்ச்சுகலுக்குப் போனார். அங்கேயே இருந்திருக்கலாம், அரண்மனைப் பழக்கம் உள்ளவர். கப்பலேறித் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த மண்ணை வைத்துக்கொண்டு பின்கட்டு வரை நடக்க உங்களுக்கு முடியவில்லை என்கிறீர்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

படபடப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பெற்ற தாயை மனைவி கையில் ஒப்படைத்துவிட்டு, "அம்மா நன்றாக இருக்கிறார்களா?" என்று வீடியோ அழைப்பின் கடைசியில் கேட்டால் கடமை முடிந்துவிடாது. போனை அம்மா கையில் கொடுக்கச் சொல்லிப் பேசட்டும். இரவுக் காவல் முழுவதும் மருமகள் தலையில் விழுவது நியாயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கை அவரோடு பகலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இரவில் கிழவியைத் தனியே விட்டுத் தீர்க்காதீர்கள்.

இன்று இரவு பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போங்கள். மகளும் வந்தால் வரட்டும். சிறிய விளக்கு ஒன்று எரியட்டும். தனியாகச் சொல்லும் இரண்டு ஜெபமாலைகளுக்குப் பதிலாக அவரோடு சேர்ந்து ஒன்று சொல்லுங்கள். முடிந்ததும் மாமாவைப் பற்றி ஏதாவது கேளுங்கள், அவர் பேசுவார். நடுவில் அவர் புரண்டு படுத்தால், கூப்பிடும் முன்பே "என்ன அத்தை?" என்று கேளுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும், எழுந்து கையைப் பிடியுங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு அவரால் வர முடியாது என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருவார். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு பெரும்பாலும் திருக்குடும்ப விழாவாக இருக்கும். வயதான பெற்றோரைப் பேணுவது பற்றி பைபிளின் சீராக் நூலிலிருந்து வாசகம் வாசிப்பார்கள். அப்போது தலை குனியாமல் உட்கார்ந்திருக்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

போகும்போது அவர் கட்டிலுக்கு அருகில் நீங்கள் வைக்கும் தண்ணீர்ச் செம்பைப் பாருங்கள். இரவு நிறைத்து வைத்ததில் காலையில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.