பிங்பாங் பஸ்ஸும் இரண்டு 'வருந்துகிறோம்'களும்: அமெரிக்கா–சீனா கேள்வி பதில்

கேள்வி: சார், பிங்பாங் ஆடித்தான் அமெரிக்காவும் சீனாவும் ராசியானார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். 1971 ஏப்ரல், ஜப்பானின் நகோயாவில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி. அமெரிக்க வீரர் கிளென் கோவன் சீன அணியின் பஸ்ஸில் ஏறிவிட்டார். அமெரிக்கரிடம் பேசினாலே வம்பு என்ற காலம் அது. பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், மூன்று முறை உலக சாம்பியனான சுவாங் சதுங் பின் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, ஹுவாங்ஷான் மலைக் காட்சி உள்ள பட்டுத்துணி ஒன்றைக் கொடுத்தார். சில நாளில் அமெரிக்க அணிக்குச் சீனாவிலிருந்து அழைப்பு போனது.

ஆனால் மாவோவின் மனம் அதற்கு முன்பே இளகியிருந்தது. 1969-ல் உசூரி ஆற்றிலுள்ள சென்பாவோ தீவில் சோவியத் படையோடு சண்டையே நடந்தது. வடக்கு எல்லையில் எதிரி நிற்கும்போது தூரத்து எதிரியோடு சமாதானம் பேசத்தானே தோன்றும்? பஸ் நல்ல சாக்காக அமைந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணே, நடுவில் பாகிஸ்தான் எப்படி வந்தது?

தூது போனதே அவர்கள் வழியாகத்தான். 1971 ஜூலையில் பாகிஸ்தான் வந்த, அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர், வயிற்று உபாதை, மலைப்பகுதியில் ஓய்வு என்று செய்தி பரப்பிவிட்டு விடியற்காலையில் பீஜிங்குக்குப் பறந்துவிட்டார். அதே மாதங்களில் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானின் ராணுவம் கிழக்கு பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) கொன்று குவித்துக்கொண்டிருந்தது. நிக்சன் அதைக் கண்டிக்காமல் இருந்ததற்கு இந்தத் தூது ஒரு முக்கியக் காரணம். இந்தக் கூட்டைப் பார்த்த இந்தியா, ஆகஸ்டில் சோவியத்தோடு நட்பு ஒப்பந்தம் போட்டது.

கேள்வி: தைவான் சீனாவுடையது என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லவும்.

ஒரே வரியில் சொல்ல முடிந்தால் இவ்வளவு வருஷம் சண்டை இருந்திருக்காது. 1972 ஷாங்காய் அறிக்கையில், 'சீனா ஒன்றே, தைவான் அதன் பகுதி' என்று தைவான் நீரிணையின் இரு கரைச் சீனர்களும் சொல்வதை அமெரிக்கா 'அறிந்திருக்கிறது' என்று எழுதினார்கள். அதாவது, நீங்கள் சொல்வது காதில் விழுந்தது, அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். 1979-ல் முழுத் தூதரக உறவு வந்தபோது ஆங்கிலப் பிரதியில் அதே சொல்தான். சீனப் பிரதியிலோ 'ஒப்புக்கொள்கிறது' என்று படிக்கக்கூடிய 'செங்ரென்' வந்துவிட்டது. எங்களுக்கு ஆங்கிலப் பிரதிதான் கணக்கு என்பது அமெரிக்காவின் நிலை. போதாததற்கு, தைவானுக்குத் தற்காப்பு ஆயுதம் தர அதே ஆண்டு ஒரு சட்டமும் போட்டார்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தை இப்படி எழுதினால் பேரன் காலம் வரை கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். ஆனால் இங்கே இந்த மழுப்பல் இல்லையென்றால் கையெழுத்தே விழுந்திருக்காது என்பது என் கட்சி.

கேள்வி: 2001 விமான மோதலுக்கு அமெரிக்கா மன்னிப்புக் கேட்டதாகப் படித்தேன். சரியா?

இதிலும் சொல் விளையாட்டுதான்! ஏப்ரல் 1 அன்று சீனாவின் ஹைனான் தீவு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் இறந்தார். உளவு விமானம் ஹைனானில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் 11 நாள் சீனாவின் பிடியில். கடைசியில் வந்த கடிதத்தில், விமானி இறந்ததற்கும் அனுமதியில்லாமல் இறங்கியதற்கும் 'மிகவும் வருந்துகிறோம்' என்று இரண்டு தடவை எழுதியிருந்தது. மன்னிப்பு கேட்டுவிட்டார்கள் என்றது சீனா. வருத்தம்தான் தெரிவித்தோம் என்றது அமெரிக்கா. ஆட்கள் வீடு திரும்பினார்கள். விமானத்தை மட்டும் பறந்துபோக விடவில்லை. கழற்றிப் பிரித்து, ரஷ்யச் சரக்கு விமானத்தில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள்.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் சீனாவைச் சேர்த்தது அமெரிக்காவின் தப்புதானே?

யாருடைய தப்பு, யாருக்கு லாபம் என்று பிரித்துப் பார்க்கணும். விமானச் சண்டை நடந்த அதே 2001 டிசம்பரில்தான் சேர்த்தார்கள். இருவருக்கும் பொது எதிரியான சோவியத் 1991-லேயே சிதறிவிட்டதால், இருவரையும் சேர்த்துக் கட்டிப்போட வியாபாரத்தைத் தவிர வேறு கயிறு இல்லை. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு லாபம், ஆலை மூடிய ஊர்களுக்கு நஷ்டம். 2018-ல் வரிச் சண்டை, 2022-ல் சீனாவுக்கு உயர்ரகக் கணினி சிப் விற்கத் தடை.

கேள்வி: அப்போ, போர் வருமா சார்?

ஜோசியம் எனக்கு வராது. ஆனால் ஒருமுறை வந்திருக்கிறது. 1950 அக்டோபரில் சீனப் படை யாலு ஆற்றைத் தாண்டிக் கொரியாவுக்குள் இறங்கி அமெரிக்கர்களோடு மோதியது. 1953 ஜூலை 27-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை போடவில்லை.