ஹெவிவெயிட் குத்துச்சண்டை: கேள்வி - பதில்

கே: குத்துச்சண்டையின் மிகக் கனமான பிரிவான ஹெவிவெயிட்டில் எடைக்கு உச்சவரம்பே கிடையாதாமே? பிறகு எதற்குச் சண்டைக்கு முதல் நாள் தராசில் ஏற்றி நிறுத்துகிறார்கள்?

ப: பொதுவாக 200 பவுண்டு, அதாவது சுமார் 90.7 கிலோவைத் தாண்டினால் போதும். மற்ற பிரிவுகளைப்போல் பட்டினி கிடந்து, வியர்வையைப் பிழிந்து எடையை இறக்கும் கூத்து இங்கே இல்லை. ஆனால் பயிற்சி எப்படி நடந்தது என்பது தராசில் தெரிந்துவிடும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனை வீழ்த்தியபோது பஸ்டர் டக்ளஸ் 231½ பவுண்டு. அக்டோபரில் ஹோலிஃபீல்டைச் சந்திக்க வந்தபோது 246. மூன்றாவது ரவுண்டிலேயே டக்ளஸின் கதை முடிந்தது.

கே: இருபது சண்டை, இருபதும் வெற்றி, அதில் பதினெட்டு நாக் அவுட் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் சாம்பியன் ஆவாரா?

ப: அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மொத்தம் எத்தனை ரவுண்டு ஆடினார், எதிரே நின்றவர் யார் என்று பாருங்கள். புதியவர் நான்கு ரவுண்டுச் சண்டையில் தொடங்கி ஆறு, எட்டு, பத்து என்று ஏறுவார். பட்டச் சண்டை 12 ரவுண்டு. முதல் ரவுண்டிலேயே விழுகிற ஆட்களாகப் பொறுக்கிப் போட்டால் எண்ணிக்கை ஏறும், ஆள் தேற மாட்டார். ஏழாவது ரவுண்டில் கை கனத்து, மூச்சு வாங்கும்போது என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. யாரோடு யார் மோதுவது என்று ஏற்பாடு செய்யும் நல்ல மேட்ச்மேக்கர், ஒரு இடதுகைக்காரர், ஒரு நெட்டையர், எவ்வளவு அடித்தாலும் விழாத ஒரு பழைய ஆள் என்று கலந்து கொடுப்பார். டைசன் 1985-ல் மட்டும் 15 சண்டை ஆடினார், எல்லாமே நாக் அவுட். ஆனால் 1986 மே மாதத்தில் டில்லிஸ், மிட்ச் கிரீன் இருவருமே அவரைப் பத்து ரவுண்டும் இழுத்தடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அப்போதைய சாம்பியன் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து, 20 வயதில் பட்டம் பெற்றார். என் கணக்கில் அந்த இரண்டு மே மாதச் சண்டைகள்தான் அவருக்குப் பெரிய பாடம்.

கே: ஒரு லட்சம் டாலர் பர்ஸ் (சண்டைக்கான சம்பளம்) என்றால் வீரரின் கைக்கு எவ்வளவு வரும்?

ப: அமெரிக்க வழக்கப்படி மேனேஜர் மூன்றில் ஒரு பங்குவரை எடுக்கலாம், பயிற்சியாளருக்குப் பத்து சதவிகிதம். அதிலேயே சுமார் 43,000 போய்விடும். மீதியில் ஸ்பாரிங் பார்ட்னர்களின் (பயிற்சிச் சண்டைக்கு எதிரே நிற்பவர்களின்) கூலி, முகாம் செலவு, வரி. பட்டச் சண்டை என்றால் பெல்ட் கொடுக்கும் அமைப்புக்கான கட்டணம். மேனேஜரும், சண்டையை நடத்திப் பணம் கொடுக்கும் ப்ரமோட்டரும் ஒரே ஆளாக இருந்தால் வீரரின் பக்கம் பேரம் பேச யாருமில்லை. 2000-ல் வந்த முகமது அலி சீர்திருத்தச் சட்டம் அதைத்தான் தடுக்கப் பார்த்தது.

கே: பத்து அவுன்ஸ் க்ளவுஸ் போட்டும் கை ஏன் உடைகிறது?

ப: நெற்றி எலும்பு கெட்டியானது, கைவிரல்களின் அடியெலும்புகள் மெல்லியவை. குனிகிறவரின் உச்சந்தலையில் சுண்டுவிரல் பக்கத்து மூட்டு போய் மோதினால் அதன் அடியெலும்பு முறியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் மூட்டுகளில் அடி விழ வேண்டும். க்ளவுஸுக்கு உள்ளே கையில் துணி சுற்றும்போது விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் முஷ்டி மடக்கிப் பார்க்க வேண்டும். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம், மணிக்கட்டு ஆடினால் தளர்வு. இரண்டையும் அவிழ்த்துத்தான் சரிசெய்ய முடியும். மேலே இன்னும் டேப் ஒட்டிப் பயனில்லை.

கே: ஃபோர்மேன் 45 வயதில் ஜெயித்தாரே, மற்றவர்களை மட்டும் ஏன் ஓய்வு பெறச் சொல்கிறீர்கள்?

ப: 1994-ல் மூரரை வீழ்த்திய ஃபோர்மேன், அதற்கு முன் 1977 முதல் 1987 வரை பத்தாண்டு ரிங்குக்கே வராதவர். அந்தப் பத்தாண்டு அடியும் அவர் தலையில் விழவில்லை. அலியின் கதை வேறு. 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம், 38 வயதில், பத்து ரவுண்டு வாங்கிய பிறகுதான் அவருடைய மூலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் ஏறினார். சண்டை நாளைவிட ஸ்பாரிங்கில்தான் முதுமை முன்னால் தெரியும்: குத்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது, தலை நகர்வதில்லை, முன்பு உறைக்காத அடியில் கால் ஆடுகிறது. இதைத் தினமும் பார்ப்பவர் பயிற்சியாளர். ஆனால் அவருக்கும் அடுத்த சண்டையில் பத்து சதவிகிதம் இருக்கிறதே!