துணி கட்டினால் குழந்தைக்குக் கால் வளையுமா, நடை தள்ளிப்போகுமா?

"ஐந்து மாதக் குழந்தைக்குத் துணி டயப்பர்தான் கட்டுகிறேன். கால் வளைந்துவிடும், நடக்க நாளாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் என்றால் மாமியாராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதே பேச்சை நான் ஒரு வருடம் கேட்டவள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கால் வளையாது. முதலில் அதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மகன் 2018 செப்டம்பரில் பிறந்தான். பிரசவத்துக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாயி தன் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, ஓரம் தைத்து, முக்கோணமாக மடித்துக் கட்ட முப்பது துணி தயாராக வைத்திருந்தார். எங்காவது வெளியே போனால் மட்டும் கடை டயப்பர்.

அவனுக்கு இரண்டு மாதம் ஆனபோது, நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் கொல்லையில் பதினோரு தென்னை விழுந்து கிடந்தன. கரண்ட் வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. மோட்டார் ஓடவில்லை, அடிபம்புத் தண்ணீர்தான். கடைத்தெருவில் டயப்பர் இருந்த ஒன்றிரண்டு கடையும் கூரை போய்க் கிடந்தது. வெயிலும் கிடையாது. அம்மாயி விறகடுப்புக்கு எட்டத்தில் கொடி கட்டினார். அப்படியும் காயாத துணியைச் சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து, அடியில் தணல் வைத்து, மேலே விரித்தார். ஒவ்வொரு துணியையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் ஈரம் பட்டாலும் திரும்பப் போடுவார். அந்த இருபத்து மூன்று நாளில் என் பிள்ளையின் தொடையில் ஒரு சிவப்பு கூட வரவில்லை. துணி கட்டுவதை யாராவது குறையாகப் பேசினால் எனக்கு அம்மாயியின் அந்தக் கன்னம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் கும்பகோணத்தில் புகுந்த வீடு. நாத்தனார் மகள் என் மகனைவிட ஒரு மாதம் மூத்தவள், பத்தரை மாதத்தில் நடந்துவிட்டாள். இவன் ஒரு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். "மூட்டை மாதிரி துணியைக் கட்டி வெச்சா காலு எப்படிம்மா சேரும்? கவட்டைக் காலாத்தான் போவும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பேரன் மேல் உள்ள பயம். ஆனால் நாத்தனார் மகளின் காதுகுத்தில், உறவுக்காரர் ஒருவர் இவனைத் தூக்கி, இரண்டு காலையும் சேர்த்து அழுத்தி, "பாரு, நடுவுல கையே போவுது" என்று பந்திக்கு நடுவில் காட்டினார். பிள்ளை வீறிட்டான். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அன்று இரவே துணிகளை எல்லாம் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு தொடையையும் விரித்துப் பார்த்தார். தொடை மடிப்புகள், முழங்காலின் உயரம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றுக்குள் கால் மடங்கிக் கிடப்பதால் எல்லாக் குழந்தைக்கும் பிறக்கும்போதே கால் வில் மாதிரிதான் இருக்கும், இரண்டு வயதுக்குள் நேராகும், மூன்று நான்கு வயதில் முட்டி தட்டும், ஏழு வயதுவாக்கில் தானே சரியாகும் என்றார். இடுப்பு மூட்டுக்குக் கெடுதல் என்றால், காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டுவதுதான். தவளை மாதிரி மடங்கி விரிந்திருப்பது அந்த வயதுக்கு நல்லதே. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் இந்தியா உள்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் நடக்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதம் வரை இருக்கிறது. பத்தரையும் அதற்குள்தான், பதினைந்தும் அதற்குள்தான்.

என் மகன் பதினைந்தாம் மாதம் நடந்தான். கொல்லையில், குளிப்பாட்டித் துடைத்து, இடுப்பில் எதுவும் கட்டாமல் விட்டிருந்தபோது துணி துவைக்கிற கல்லிலிருந்து கிணற்றடி வரை நான்கு அடி வைத்தான்.

இதற்குப் பதிலாக ஒரு ஆராய்ச்சியைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். 2012-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 13 மாதம், 19 மாதம் ஆன 60 குழந்தைகளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கட்டாதபோது நடை நன்றாக இருந்தது. தடித்த துணி டயப்பரில் கால் அதிகம் அகன்றது, மெல்லிய கடை டயப்பரிலும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. அது கட்டியிருக்கும் நேரத்து நடை. துணி கட்டிய பிள்ளைகள் மாதக் கணக்கில் பின்தங்கினார்கள் என்று அதில் இல்லை. நடை பழகும் வயதில் தினமும் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுங்கள், போதும்.

கடை டயப்பர் கட்டும் அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகும் என் தங்கையும் அதைத்தான் கட்டினாள். ஆனால் அதை எங்கே போடுகிறோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுடையது கடைமடை. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, நீடாமங்கலம் வந்து, கடைசியில்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஊதிப்போன டயப்பர்கள் மிதந்து வந்து மதகை அடைக்கின்றன. அறுபத்தெட்டு வயதில் என் அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கையால் அள்ளிப் போடுகிறார். மனு கொடுத்தால் ஒரு அலுவலகத்தில் குப்பை எங்கள் வேலை இல்லை என்கிறார்கள், இன்னொன்றில் வாய்க்கால் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். மூன்று வருடமாக இதே பதில். விளைகிற நிலத்துக்குப் போகும் தண்ணீர் அது.

சரி, உங்கள் குழந்தை. துணியைத் தொடையில் தடம் பதியாத அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். மடக்கி விரிக்கும்போது ஒரு கால் மட்டும் விரிய மறுத்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, ஒன்பதாம் மாதத் தடுப்பூசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். அத்தையை அன்று கும்பகோணத்திலேயே விட்டுவிட்டுப் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.