வாசகர் கேள்விகள்: வியோசா ஆற்றங்கரையில் பெர்மெத்

கேள்வி: அல்பேனியா என்றாலே கடற்கரைப் படங்கள்தாம் கண்ணில் படுகின்றன. அந்நாட்டின் மலைப்பகுதியைப் பார்க்க விரும்புபவர் எந்தச் சிறு நகரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: வடக்கிலுள்ள தேத், வல்போனா ஆகிய மலைக் கிராமங்களைப் பலரும் சொல்வார்கள். அவற்றின் அழகில் குறையொன்றும் இல்லை. ஆயினும் மலை, ஆறு, உணவு, இசை, வரலாறு அனைத்தும் நடந்து போகும் தொலைவிலோ ஒரு நாள் பயணத்திலோ அமைந்திருக்கும் ஊர் வேண்டுமென்றால், தெற்கே ஜிரோகாஸ்தர் மாவட்டத்திலுள்ள பெர்மெத்தையே பரிந்துரைப்பேன். 2011 கணக்கெடுப்பில் 6,000-க்கும் குறைவான மக்களே இருந்த சிறு நகரம் அது. ஊர் பள்ளத்தாக்கில் தாழ்வாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு எதிரே நெமெர்ச்கா மலைத்தொடர் ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பதால், எந்தத் தெருவில் நின்றாலும் மலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆற்றோரத்தில் தனித்து நிற்கும் ‘நகரத்துப் பாறை’யின் மேலேறினால் ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். தோட்டங்களில் ரோஜா நிறைந்திருப்பதால் ‘ரோஜா நகரம்’ என்ற பெயரும் இதற்கு உண்டு.

கேள்வி: வியோசாவை ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் கடைசிப் பெரிய இயற்கை ஆறுகளில் ஒன்று என்கிறார்கள். இது சுற்றுலா விளம்பரமா, உண்மையா?

பதில்: பெரும்பகுதி உண்மை. கிரேக்கத்தின் பிந்துஸ் மலைகளில் ஆவோஸ் என்ற பெயருடன் பிறந்து, எல்லையைக் கடந்ததும் வியோசா எனப் பெயர் மாறி, ஏறத்தாழ 270 கிலோமீட்டர் ஓடி அட்ரியாட்டிக் கடலில் கலக்கும் இந்த ஆற்றுக்குக் கிரேக்கப் பகுதியில், ஊற்றுக்கு அருகே, ஓர் அணை இருக்கிறது. அதற்குக் கீழே கடல் வரையிலும் முதன்மை ஆற்றின் குறுக்கே இயங்கும் அணை எதுவும் இல்லை. அதனால்தான் ஆறு இன்றும் மலையிலிருந்து சரளையையும் மணலையும் தடையின்றிச் சுமந்து வந்து, பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தன் தடத்தை மாற்றிக்கொள்கிறது. ஓர் அணை எழுந்தால் அந்தச் சரளை நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடும். கீழே ஆற்றுப்படுகை ஆழமாக அரிக்கப்படும். முகத்துவாரத்தில் கடல் உள்ளே புகும்.

இந்த இழப்பு நேராமல் தடுத்தது தற்செயலான நிகழ்வு அன்று. ஆற்றின் நடுப்பகுதியில் கலிவாச் என்னுமிடத்தில் தொடங்கிய அணை வேலை பாதியிலேயே நின்றுபோயிற்று. போச்செம் என்னுமிடத்தில் திட்டமிடப்பட்ட அணைக்கு எதிராக ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குத் தொடுக்க, 2017-இல் தலைநகர் டிரானாவின் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அறிவியலாளர்கள் ஆற்றில் இறங்கி அங்கு வாழும் உயிரினங்களைப் பதிவு செய்தார்கள்; பல ஆண்டுகள் போராட்டம் நீண்டது. இறுதியில் 2023 மார்ச் 15 அன்று அல்பேனிய அரசு வியோசாவையும் அதன் முக்கியக் கிளையாறுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஓர் ஆற்றை அதன் கிளைகளோடு சேர்த்துக் காக்கும் இத்தகைய பூங்கா ஐரோப்பாவில் அதுவே முதலாவது. என்னைப் பொறுத்தவரை, அண்மைக்கால ஐரோப்பாவின் மிகச் சிறந்த பொதுமுடிவுகளுள் இதுவும் ஒன்று. ஆனால் முகத்துவாரத்தை ஒட்டிய நர்தா காயல் பகுதியில் விமான நிலையம் கட்டப்படுவதும், ஷுஷிட்சா கிளையாற்றின் நீரைக் கடலோர ஊர்களுக்குத் திருப்பும் திட்டமும், காகிதத்தில் கிடைத்த பாதுகாப்பு போதாது என்பதைக் காட்டுகின்றன.

கேள்வி: அருகில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூட்டுவலிக்கு நல்லதாமே?

பதில்: பென்யா என்ற கிராமத்தின் அருகே, லங்காரிட்சா ஆற்றங்கரையில், உதுமானியர் காலத்துக் கல்வளைவுப் பாலம் ஒன்றின் பக்கத்தில் அந்த ஊற்றுகள் இருக்கின்றன. நீர் இளஞ்சூடாகத்தான் இருக்கும். கந்தக மணம் வீசும். உள்ளூர் மக்கள் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு நோயைச் சொல்வார்கள். நான் அதை மருத்துவமாகப் பரிந்துரைக்க மாட்டேன். உடலுக்கு இதமளிக்கும் குளியலாகக் கொள்வது நலம். பாலத்தைத் தாண்டி மேலே சென்றால் செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஆறு ஓடும் பள்ளத்தாக்கு தொடங்கும். கோடையில் முழங்கால் அளவு நீரில் நடந்தே அதற்குள் செல்லலாம். மழை பெய்திருந்தால் கட்டாயம் நுழையாதீர்கள். லங்காரிட்சாவின் மேற்பகுதியில் ஒரு சிறு நீர்மின் நிலையம் கட்டப்பட்டதால் அந்த ஆறு முன்போல் முழுமையாக இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: பெர்மெத்தில் தவறாமல் சுவைக்க வேண்டியது எது?

பதில்: க்ளிகோ. பழத்தை முழுதாகச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிச் செய்யும் இனிப்பு அது. பச்சை வால்நட் காய்களில் செய்வதே அவற்றுள் தலைசிறந்தது. உள்ளே ஓடு கெட்டிப்படும் முன்பே காயைப் பறித்துத் தோலைச் சீவி, கசப்புப் போகும்வரை நாள்கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, சதை குழையாமல் இருக்கச் சுண்ணாம்பு நீரில் இட்டு, பிறகு பாகில் காய்ச்சுகிறார்கள். கைகள் பல நாள் கறுத்திருக்கும் அளவுக்கு உழைப்பு மிகுந்த இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். அத்தி, பிஞ்சுக் கத்தரிக்காய், தர்பூசணித் தோல், ரோஜா இதழ் ஆகியவற்றிலும் செய்வதுண்டு. வீட்டுக்கு வந்தவருக்குச் சிறு தட்டில் ஒன்றிரண்டு வைத்து, ஒரு குவளைத் தண்ணீரோடு தருவதே வழக்கம். மறுக்காமல் உண்பது மரியாதை. திராட்சையில் வடிக்கும் ரக்கி என்ற மதுவுக்கும் ஊர் பெயர் பெற்றது.

கேள்வி: இவ்வளவு சிறிய ஊருக்கு அல்பேனிய வரலாற்றில் என்ன இடம்?

பதில்: அல்பேனியாவின் 200 லெக் நோட்டில் இருக்கும் கவிஞர் நயிம் ஃப்ராஷரி, இப்பகுதியின் மலைமேல் உள்ள ஃப்ராஷர் கிராமத்தில் 1846-இல் பிறந்தவர். அல்பேனியர்களின் உரிமைக்காக 1878-இல் உருவான பிரிஸ்ரென் கூட்டமைப்பின் தலைவர்களுள் ஒருவரான அப்துல் அவருடைய அண்ணன். அகராதி அறிஞர் சாமி அவருடைய தம்பி. அல்பேனிய மொழியில் பள்ளி நடத்தவே தடை இருந்த உதுமானியர் காலத்தில் அம்மொழிக்காக உழைத்த மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிறகு 1944 மே 24 அன்று பாசிச எதிர்ப்புப் பேராயம் பெர்மெத்தில் கூடி, வெளிநாட்டில் தஞ்சமடைந்திருந்த மன்னர் சோக் நாடு திரும்பத் தடை விதித்து, கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் தலைமையில் தற்காலிக அரசுக்கு வித்திட்டது. கம்யூனிச ஆட்சியின் அரசுச் சின்னத்தில் அந்தத் தேதியே பொறிக்கப்பட்டிருந்தது. இசைக்கும் இவ்வூர் தாயகம்: கிளாரினெட், வயலின், லாவுத்தா என்ற நரம்பிசைக் கருவி, தெஃப் என்ற கைப்பறை ஆகியவை சேர்ந்த சஸே குழுக்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. கிளாரினெட் மேதை லாவெர் பாரியு இவ்வூர்க்காரர்.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது? எப்படிச் செல்வது?

பதில்: மே, ஜூன் மாதங்களில் ரோஜா பூத்திருக்கும், ஆற்றில் நீரும் நிறைவாக இருக்கும், செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கு சூடேறிவிடும். டிரானாவிலிருந்து பேருந்திலோ ஃபுர்கோன் எனப்படும் சிறு வேனிலோ, டெப்பலேனா வழியாகக் கெல்ட்சூரா மலையிடுக்கைக் கடந்து வரலாம். ஏறக்குறைய அரை நாள் பயணம். கிராமங்களில் செலவுக்கு லெக் நோட்டுகளாகவே வைத்திருங்கள். ஃப்ராஷருக்குச் செல்லும் மலைச்சாலை வளைவுகள் மிகுந்தது. பென்யாவையும் அதையும் ஒரே நாளில் அடக்காமல், ஃப்ராஷருக்கென ஒரு நாளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.